தெளிந்து கிடந்த தண்ணீர்

கலங்கிய தண்ணீரைக் கண்டு நான் பயந்ததில்லை. ஏரித் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர், மழைக்கு மறுநாள் செம்மண்ணைக் கரைத்ததுபோல வரும் குழாய்த் தண்ணீர் எல்லாவற்றிலும் சமைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் ஓய்வு பெறும்வரை நான் வைத்த அண்டா ஒருநாளும் கெட்டதில்லை. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. நான் பயந்தது ஒரே ஒரு தண்ணீரைக் கண்டுதான். அது விழுப்புரத்தில் என் மகள் வீட்டில், அவள் கட்டிலுக்கு எதிரே, ஒரு கண்ணாடித் தொட்டியில் இருந்தது. அவ்வளவு தெளிவான தண்ணீரை நான் பார்த்ததே இல்லை.

மகளுக்கு அதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது முறை ஐந்தாம் மாதம் தாண்டியதும் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படுத்தே இருக்க வேண்டும். பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது. மனசில் எதையும் போட்டு உழப்பிக்கொள்ளக் கூடாது. இன்னும் ஏறினால் மாதம் ஆவதற்கு முன்னாலேயே குழந்தையை எடுக்க வேண்டி வரும், எடுத்தால் அது நிற்குமா என்று சொல்ல முடியாது.

படுத்தே இருக்கச் சொன்னது சரி. மனசில் எதையும் போடாமல் எப்படி இருப்பது? அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். போனைப் பார்த்தால் தலை வலிக்கிறது என்பாள். ஓயாமல் வேலை செய்து வளர்ந்த பெண், நாளெல்லாம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

நான் இருப்பது திண்டிவனத்தில், என் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில், தனியாக. வாரத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்துப் போய் மகளோடு இருந்துவிட்டு வருவேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கியபோது மருமகன் மேஜைமேல் கண்ணாடித் தொட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவர் பைக் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். கையில் கிரீஸ் கறை போகாமலே அடியில் கூழாங்கல்லைப் பரப்பினார். ஒரு மூலையில் குமிழி விடும் குழாய். இன்னொரு மூலையில் சுட்ட மண்ணில் செய்த சின்னக் கோபுரம் ஒன்று. உள்ளே பொள்ளல், மீன் நுழைந்து வெளியே வரும்.

“அத்தை, படுத்துக்கினே பாத்துக்கினு இருக்கலாம். மீனு பாத்தா பிரஷர் எறங்கும்னு சொல்றாங்க” என்றார்.

அவருடைய தாயார், என் சம்பந்தியம்மாள், சமையற்கட்டு வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றார். ஒல்லியான, உயரமான மனுஷி. நாக்கு மட்டும் சும்மா இருக்காது.

“மீனு வெக்கறது சரிடா. கறுப்பு ஒன்னு வாங்கினியா? இல்லாங்காட்டி வர்றவ போறவ கண்ணு பூரா பொண்ணு மேலதான் வுழும்.”

“வாங்கியிருக்கேம்மா.”

“காட்டு பாக்கலாம். இது சாம்பல்டா. கறுப்பு கேட்டா சாம்பல வாங்கியாந்து நிக்கறான். இன்னா சம்மந்தி, நீங்களே சொல்லுங்க. சத்துணவுல பருப்பும் கல்லும் பிரிச்ச கண்ணு உங்குளுது.”

நான் பார்த்தேன். கறுப்புதான் என்று சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனார். எங்களுக்குள் எப்போதும் அப்படித்தான். சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை.

மீனுக்கு எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்று யாரும் யோசிக்கவே இல்லை. அந்த வீட்டு போர் தண்ணீர் உப்பு. குண்டான் காய்ந்தால் வெள்ளையாகப் படியும், துணி துவைத்தால் நுரை வராது. குடிப்பதற்குக் கேன் தண்ணீர்தான். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பதையே மீனுக்கும் கொடுத்தோம். கேன் கேனாகத் தூக்கி ஊற்றினார் மருமகன். உப்புத் தண்ணீரை ஒரு சீவனுக்கு எப்படி ஊற்றுவது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆரஞ்சு நிறத்தில் வால் விரிந்தவை, வரி போட்ட பொடிமீன்கள், அடியிலேயே மேய்ந்துகொண்டிருக்கும் மீசைக்காரன் ஒருவன், அந்தக் கறுப்பன். கறுப்பனுக்குக் கண் இரண்டும் வெளியே பிதுங்கியிருந்தன. மகள் தலையணையைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“அம்மா, அந்தக் கறுப்பன் உன்ன மாதிரியே மொறைக்கிறான் பாரு” என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் எழுந்ததும் மீன்களை விரல் நீட்டி எண்ணினாள்.

“எண்ணாத!” என்று சம்பந்தியம்மாள் அடுப்படியிலிருந்து சத்தம் போட்டார். “உசுர எண்ணக் கூடாது.”

மகள் விரலை மடக்கிக்கொண்டாள். ஆனால் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும்.

சில நாள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு காலையில் திண்டிவனத்துக்குப் போன் வந்தது.

“அம்மா, ஒன்னு மெதக்குது.”

“மீனுன்னா சாவத்தாண்டி செய்யும். எடுத்துப் போடச் சொல்லு.”

“நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாதாம்மா இருந்திச்சி.” பிறகு, “அதும் நல்லாதான இருந்திச்சி” என்றாள். அது என்று அவள் எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

நான் போவதற்குள் இன்னொன்று போயிருந்தது. ஸ்டேஷன் ரோட்டில் மீன் விற்கிற கடைக்கு மருமகனோடு நானும் போனேன். கடைக்காரர் சின்ன வயசுக்காரர், வாயில் பாக்கு.

“புதுத் தொட்டிம்மா. கொஞ்ச நாளைக்கு அப்பிடித்தான் இருக்கும். தண்ணி கொண்டாந்தீங்களா?”

பாட்டிலில் கொண்டுபோயிருந்தோம். விரல் அளவு கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, ஒரு சொட்டு மருந்தை விட்டார். தண்ணீர் கலங்கி, மஞ்சளாகி நின்றது. அவர் பாக்கைத் துப்பிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தார்.

“பிஎச்சு பாதாளத்துக்குப் போயிருக்குதேம்மா. இதுல மீனு உசுரோட இருக்கறதே பெரிய விசயம்.”

“அது இன்னாப்பா பிஎச்சு?”

“புளிப்பும்மா. தண்ணி புளிச்சிப் போச்சி.”

“தண்ணி எப்பிடிப்பா புளிக்கும்? ஆட்டி வெச்ச மாவா அது?”

அவர் சிரித்தார். “கண்ணுக்குத் தெரியாதும்மா. இந்த சொட்டு மருந்துக்குத்தான் தெரியும். நீலம், பச்ச இருந்தா பரவால்ல. மஞ்ச வந்தா ஆபத்து.”

அந்தக் குழாயையும் மருந்தையும் வாங்கிக்கொண்டோம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கு அந்த டப்பாமேல் இருந்த நம்பர் எதுவும் புரியவில்லை. நிறம் புரியும். அதனால் சொட்டு விட்டுப் பார்க்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

மஞ்சள் வைக்காமல் எங்களுக்கு ஒரு நல்ல காரியமும் கிடையாது. தாலிக் கயிற்றுக்கு மஞ்சள், பத்திரிகை மூலைக்கு மஞ்சள், பிள்ளை பெற்றவள் குளிக்கிற தண்ணீருக்கும் மஞ்சள். அந்தக் குழாயில் மட்டும் மஞ்சள் ஏறக் கூடாது. மகள் கட்டிலிலிருந்து என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் குழாயைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு போய்க் கொட்டுவேன்.

கடைக்காரர் சொன்னபடி பாதித் தண்ணீரை மாற்றினோம். பச்சை வந்தது. மறுநாள் மஞ்சள். சமையல் சோடா ஒரு சிட்டிகை போடலாம் என்றார். போட்டதும் பச்சை வந்தது. பொழுது சாய்வதற்குள் மஞ்சள். அப்படி ஏறி ஏறி இறங்கியதிலேயே வரிமீன்கள் இரண்டு செத்தன. கிளிஞ்சல் போட்டால் புளிப்பு அடங்கும் என்று மருமகன் போன் வீடியோவில் யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறார். பழுது பார்த்த வண்டி ஒன்றைப் பொம்மையார்பாளையத்தில் கொண்டுபோய் விடப் போனவர் கடற்கரையில் ஒரு பை கிளிஞ்சல் பொறுக்கி வந்து, கழுவி, தொட்டியில் போட்டார். அதற்கும் அடங்கவில்லை.

இத்தனைக்கும் தண்ணீர் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே போயிற்று. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கெட்டுப்போன எதுவும் நாறும், நுரைக்கும், கலங்கும். இது அப்படி இல்லை. தொட்டியில் தண்ணீரே இல்லையோ, மீன்கள் வெறும் காற்றில் நிற்கின்றனவோ என்று தோன்றும். கற்கள்மேல் மட்டும் வெளுப்பாகப் பஞ்சுபோல ஏதோ படிந்திருந்தது.

“பேட்டரிக்கு ஊத்தற தண்ணி மாதிரி இருக்குது அத்தை” என்றார் மருமகன். அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நடுங்கின. மீசைக்காரன் திடீரென்று பாய்ந்து கண்ணாடியில் மோதுவான். அந்தச் சின்னச் சத்தத்துக்கு மகள் திடுக்கிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

டாக்டரம்மா வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்தார். கையில் சுற்றிய பட்டையை அவிழ்த்தார். மறுபடியும் சுற்றிப் பார்த்தார். வெளியே வந்து, “என்ன நடக்குது இந்த வீட்ல? எதையாவது நெனச்சிப் பயப்படறாங்களா?” என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் ஏறினால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும், பிறகு எடுப்பதா வேண்டாமா என்று ஒரு நாளுக்கு மேல் யோசிக்க முடியாது என்றார்.

தொட்டியையே தூக்கி வெளியே வைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“எடுக்காத. எடுத்தீன்னா எல்லாம் போயிடுச்சின்னுதான் நெனைப்பேன். இங்கயே இருக்கட்டும். நான் பாத்துக்கினே இருக்கணும்.” பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, “இந்த ஊட்ல எனக்கு ஒன்னுமே தங்காதா அம்மா?” என்றாள்.

எடுக்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. நான் திண்டிவனம் போவதை நிறுத்திவிட்டு அங்கேயே தங்கினேன்.

ஒருநாள் மத்தியானம் நானும் சம்பந்தியம்மாளும் பின்கட்டில் உட்கார்ந்து வேர்க்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, உரித்துக்கொண்டிருந்தோம். அவர் வழக்கம்போலப் பேசவில்லை. தோலை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமும் போடுகிறவர், இரண்டையும் கலந்து போட்டுக்கொண்டிருந்தார். நான் பிரித்து வைத்தேன்.

“சம்மந்தி, உங்க கிட்ட ஒன்னு சொல்லணும். பையன் காதுல போடாதீங்க.”

“சொல்லுங்க.”

“இந்த ஊட்டு மேல கண்ணு இருக்குது. லேசுப்பட்ட கண்ணு இல்ல.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? என் கண்ணாலயே பாக்கறேனே.” அவர் குனிந்து என் காதருகில் வந்தார். “படிகாரம் கரையுது.”

எங்கள் பக்கத்தில் படிகாரக் கட்டியைக் கறுப்புக் கயிற்றில் கோத்து வாசல் நிலையில் தொங்கவிடுவோம். வீட்டின்மேல் விழுகிற கண்ணையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும் என்பார்கள். கட்டி வேர்த்துத் தேய்ந்தால் பார்வை அதிகம் என்று அர்த்தம். தேயத் தேயப் புதிது கட்டுவார்கள்.

“வாசல்ல கட்டனது கல்லு மாதிரி அப்பிடியே தொங்குது. மீன் தொட்டியில வெச்சது நாலு நாள்ல காணோம். வெறும் துணிதான் கெடக்குது. அவ மொகத்துக்கு நேரா இருக்கற தொட்டி. எம்மாம் கண்ணு இருந்தா அப்பிடிக் கரையும்? சின்னதா வெச்சிட்டோம்னு பெருசா வெச்சேன். அதுவும் போச்சி. அத விடப் பெருசா வெச்சேன். அதும் பாதியாயிடுச்சி.” கையிலிருந்த தோலைக் கீழே போட்டார். “எனக்குத் தூக்கமே இல்ல சம்மந்தி. எவளோ ஒருத்தி வயிறெரிஞ்சி பாத்திருக்கா.”

என் கையிலிருந்த மல்லாட்டை உடையாமல் நின்றது.

“தொட்டியில எங்க வெச்சீங்க?”

“அந்த கோபுரத்துக்குள்ளதான். கறுப்புத் துணியில முடிஞ்சி.”

நான் எழுந்து அறைக்குப் போனேன். மகள் கண் அயர்ந்திருந்தாள். தொட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். நாக்கு சுருங்கிப் பின்னுக்குப் போயிற்று. எனக்குத் தெரியாத ருசியா அது? சேற்றுத் தண்ணீர் வருகிற நாட்களில் அண்டாவுக்குள் படிகாரக் கட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எடுத்துவிடுவேன். சேறு பஞ்சுபஞ்சாகத் திரண்டு அடியில் இறங்கும், மேலே கண்ணாடியாகத் தண்ணீர் நிற்கும். ஒரு சுற்று அதிகமானால் போச்சு, பிள்ளைகள் வாயில் வைக்க மாட்டார்கள். இங்கே ஒரு கட்டி முழுதாகக் கரைந்து, இன்னொரு கட்டி முழுதாகக் கரைந்து, மூன்றாவது கரைந்துகொண்டிருந்தது.

பின்கட்டுக்குத் திரும்பி வந்து சொன்னேன். “சம்மந்தி, தண்ணியில போட்டா படிகாரம் கரையாம இன்னா பண்ணும்?”

“உப்பா அது, போட்டதும் கரைய? எங்க அம்மா ஊட்ல பானையில துழாவற கட்டி வருசக் கணக்கா இருந்திச்சி.”

“துழாவிட்டு எடுத்துடுவாங்க. உள்ளயே வுட்டா வெச்சாங்க? மீனுங்க சாவறது அதனாலதான். அந்தப் புளிப்பு அதுதான்.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை.

“சாவட்டும்” என்றார் மெதுவாக. “பொண்ணுக்கு வர வேண்டியத அதுங்க வாங்கிக்கினு போவுதுங்க. அதுக்குத்தான மீனு?”

“அவ அதப் பாத்துக்கினு இல்ல கெடக்கறா? ஒவ்வொன்னா சாவச் சாவ இவ பிரஷர் ஏறுது. எடுத்துடுங்க.”

“வெச்சது வெச்சதுதான். பிரசவம் ஆவற வரைக்கும் கை படக் கூடாது. எடுத்த அன்னிக்கே எதனா ஆயிடுச்சின்னா? நான் எடுக்க மாட்டேன்.” மல்லாட்டைத் தோலை முறத்தில் வாரினார். “நீங்க எடுப்பீங்களா? சொல்லுங்க, எடுப்பீங்களா?”

கண், கழிப்பு இதெல்லாம் எனக்குக் கிடையாது என்று சொன்னால் அது பொய். என் வீட்டு நிலையிலும் பூசணிக்காய் தொங்குகிறது. தண்ணீர் ஏன் புளித்தது என்று எனக்குத் தெரியும். படிகாரம் ஏன் கரைந்தது என்றும் தெரியும். ஆனாலும் அந்தத் துணி முடிச்சு என் மகளுக்காக வைத்தது. அதைத் தொட்ட பிறகு அவளுக்கு ஒரு கெடுதல் வந்தால், அது வருவதாகவே இருந்து வந்தாலும், என் கை தொட்டதால் வந்தது என்று இந்த வீடு சொல்லும். என் மகள் சொல்வாள். நானே சொல்லிக்கொள்வேன்.

மறுநாள் காலையில் இன்னொரு ஆரஞ்சு மீன் ஒருக்களித்து மிதந்தது. மகள் அதைப் பார்த்தாள். கஞ்சியை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டாள். முகம் உப்பியிருந்தது.

அன்று மத்தியானம் சம்பந்தியம்மாள் ரேஷன் கடைக்குப் போனதும் நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டேன். தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. கோபுரத்தைச் சாய்த்தேன். கறுப்பன் எங்கிருந்தோ வந்து என் மணிக்கட்டில் மோதி நின்றான். விரலில் துணி தட்டுப்பட்டது, வழவழப்பாக. இழுத்தேன்.

“அம்மா, இன்னா பண்ற?”

மகள் கண் திறந்திருந்தது.

“கோபுரம் சாஞ்சிக் கெடந்துது. நிமித்தி வெக்கறேன். நீ தூங்கு.”

முடிச்சு என் உள்ளங்கைக்குள் அடங்கிப் போயிற்று. ஒரு எலுமிச்சம்பழ அளவு மிச்சமிருந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பைக்குள் வைத்தேன். மருமகனுக்குப் போன் பண்ணி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் மாற்றச் சொன்னேன். கேன் தண்ணீரில் சத்தே இல்லை, உப்புத் தண்ணீரையும் கலந்து ஊற்றுங்கள் என்று மீன் கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார், நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. அதையும் செய்யச் சொன்னேன். வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மகளிடம் சொல்லி, அப்போதே திண்டிவனம் பஸ் ஏறினேன்.

மடியில் பை. விக்கிரவாண்டி தாண்டும்போது கவரிலிருந்து கசிந்து சேலை நனைந்ததை உணர்ந்தேன். கழித்ததை முச்சந்தியில் போட வேண்டும். திண்டிவனத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகிற வழியில் மூன்று தெரு கூடுகிற இடத்தில் நின்றேன். ஒருத்தி வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கையில் காய்கறிப் பையோடு வந்தாள். நான் பையை மூடிக்கொண்டு நடந்தேன். ஏரியில் போடலாம் என்றால் அங்கேயும் மீன்.

கடைசியில் என் வீட்டு வாசலுக்கே கொண்டுபோனேன். கவரிலிருந்து எடுத்து, அதே கறுப்புத் துணியோடு நிலையில் பூசணிக்காய் தொங்கும் ஆணியிலேயே கட்டினேன். எது வந்தாலும் இங்கே வரட்டும். இந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு தொட்டியில் ஒன்றும் சாகவில்லை. நான் திரும்பிப் போய்ச் சொட்டு விட்டபோது மஞ்சளில் பச்சை கலந்திருந்தது. ஒரு வாரத்தில் நல்ல பச்சை. மிச்சமிருந்த மீன்கள் துடுப்பை விரித்தன. மகள் கஞ்சி குடித்தாள். டாக்டரம்மா பட்டையை அவிழ்த்துவிட்டு, “இப்பிடியே போகட்டும்” என்றார்.

சம்பந்தியம்மாள் மட்டும் தொட்டிப் பக்கமே வருவதில்லை. எனக்குக் காப்பி கொண்டுவந்து வைப்பார், சம்மந்தி என்று கூப்பிட மாட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியாதா? நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வீட்டில் எல்லாம் நன்றாக இருந்த அந்த நாட்களில்தான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

எட்டாம் மாதம். வீட்டு வரி கட்டுவதற்காக நான் திண்டிவனம் வந்திருந்தேன். மத்தியானம் போன் வந்தது. மகளுக்குத் தலைவலி, கண் இருட்டுகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார் மருமகன். வீட்டைப் பூட்டும்போது நிலையைப் பார்த்தேன். படிகாரம் காய்ந்து, கட்டினபோது இருந்த அளவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பொட்டுக்கூடத் தேயவில்லை. என் வீட்டுக்கு எதுவும் வரவில்லை என்றால் அது எங்கே போயிற்று?

நான் போய்ச் சேர்வதற்குள் குழந்தையை எடுத்துவிட்டார்கள். ஆண் குழந்தை. மகள் மயக்கத்தில் இருந்தாள், அவளுக்கு ஆபத்தில்லை என்றார்கள். குழந்தையைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கதவில் பதித்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் கையளவு இருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. பக்கத்தில் ஒரு மிஷினில் எழுத்து ஓடியது. பச்சையாகத்தான் ஓடியது. நான் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சம்பந்தியம்மாள் பின்னால் வந்து நின்றார். தலை அவிழ்ந்து கிடந்தது.

“நீங்கதான எடுத்தீங்க?”

“நான்தான் எடுத்தேன்.”

“தெரியும். அன்னிக்கே தடவிப் பாத்தேன். எங்க போட்டீங்க?”

“போடல. என் ஊட்டு வாசல்ல கட்டி வெச்சிருக்கேன்.”

அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். “தனியா கெடக்கற ஊட்லயா? உங்களுக்கு இன்னா பைத்தியமா புடிச்சிருக்குது?”

“வேற எங்க போடச் சொல்றீங்க? ரோட்ல போற புள்ளத்தாச்சி எவளாவது மெறிக்கட்டும்னா?”

அவர் என் தோளை விட்டார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கும் இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன்.

“மீனுங்க?” என்று கேட்டார்.

“இருக்குதுங்க.”

“எல்லாமா?”

“நான் பாத்த வரைக்கும் எல்லாம் இருந்திச்சி.”

“அப்ப இதுவும் இருக்கும் சம்மந்தி” என்றார். கதவைப் பார்த்தபடியே சொன்னார்.

சில நாள் கழித்துத் துணிமணி எடுக்க நான்தான் வீட்டுக்குப் போனேன். பூட்டிக் கிடந்த வீட்டில் குமிழிச் சத்தம் கேட்கவில்லை. தீனி போடச் சொன்ன பக்கத்து வீட்டுப் பெண் பாசத்தில் டப்பாவையே கவிழ்த்திருந்தாள். தண்ணீர் கலங்கி நாறியது. மற்றவை மேலே வந்து தவித்துக்கொண்டிருந்தன. கறுப்பன் கோபுரத்தின்மேல் ஒருக்களித்துக் கிடந்தான், பிதுங்கிய கண் என் பக்கம். சொட்டு விட்டுப் பார்த்தேன். மஞ்சள். நான் சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீர் மாற்ற ஆரம்பித்தேன். முடிக்கிறவரை ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணவில்லை. பண்ணப் பயமாக இருந்தது.

முடித்துவிட்டுப் பண்ணினேன். குழந்தை முதல்முறையாகப் பால் இழுத்தானாம்.

“கறுப்பன் வாங்கிக்கினு போயிட்டான்” என்றார் சம்பந்தியம்மாள், அவன் செத்ததை நான் சொன்னதும். இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்கிறார். தீனி அதிகமாகித் தண்ணீர் புளித்துத்தான் கறுப்பன் செத்தான் என்று எனக்குத் தெரியும். நான் மறுப்பதில்லை.

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டான். எடை போதாது, சளி பிடித்தால் மூச்சு இழுக்கிறது, மாதாமாதம் காட்ட வேண்டும். என் வீட்டு வாசலில் அந்தப் படிகாரம் இன்னும் தொங்குகிறது. அவிழ்த்துப் போட எனக்கு மனசு வரவில்லை.

விழுப்புரம் போனால் கை கால் கழுவிக்கொண்டு நேரே தொட்டிக்குத்தான் போகிறேன். “புள்ளயத் தூக்காம அங்க இன்னாம்மா பண்ற?” என்பாள் மகள். “இருடி, வர்றேன்” என்பேன். சொட்டு விழுந்து, கலைந்து, நிறம் நிற்கிற வரைக்கும் நான் குழந்தையைக் கையில் வாங்குவதில்லை. சம்பந்தியம்மாளும் அடுப்பைத் தணித்துவிட்டுச் சமையற்கட்டு வாசலில் வந்து நிற்பார். அவருக்குக் கண் மங்கல், அங்கிருந்து தெரியாது.

“இன்னா கலரு?” என்பார்.

“பச்ச” என்பேன்.

இதுவரைக்கும் பச்சையாகத்தான் இருக்கிறது.